பதிவேட்டில் ஏறிய நத்தை: சுண்ணாம்புக் குன்றுகளின் சிற்றுயிர் வரலாறு



நம் நாட்டில் ஒரு நத்தை இருந்தது. பகாங் மாநிலத்தில், குவாந்தான் நகருக்கு அருகிலுள்ள பஞ்சிங் என்னும் இடத்தில் நின்ற ஒரே ஒரு சுண்ணாம்புக் குன்றில் மட்டும் அது வாழ்ந்தது. உலகில் வேறெங்கும் அது காணப்படவில்லை. அரிசி மணியினும் சிறிய அவ்வுயிருக்கு 1952ஆம் ஆண்டில் அறிவியலார் பெயர் சூட்டினர். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் அக்குன்று முழுவதும் உடைக்கப்பட்டுச் சிமெண்டாயிற்று. குன்றோடு நத்தையும் மறைந்தது.

ஒரு சிறு நத்தை மறைந்ததற்கு இத்துணைக் கவலை எதற்கு என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆயினும் அதனினும் முன்னே எழ வேண்டிய வினா ஒன்றுண்டு. அந்நத்தை மறைந்துவிட்டது என்பது நமக்கு எவ்வாறு தெரிந்தது? எவரோ ஒருவர் 1952இல் அதனை உற்று நோக்கி, அளந்து, வரைந்து, விளக்கி, பெயரிட்டு வைத்திருந்ததால் மட்டுமே தெரிந்தது. பெயரிடப்படாமலே மறைந்த உயிர்கள் எத்தனை என்பதை எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது.

ஆசிரியர்களாகிய நமக்கு இது புரியாத செய்தியன்று. வருகைப் பதிவேட்டில் பெயருள்ள மாணவன் இரண்டு நாள் வராவிடில் வீட்டுக்கு ஆள் அனுப்பி வினவுகிறோம். பதிவேட்டில் பெயரே ஏறாத பிள்ளை வராமற்போனால் வினவுவார் யார்? பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அலைந்த பெற்றோர்களை நம் சமூகம் நன்கறியும். ஒரு தாளில் ஏறிய பெயர் எத்தகைய காப்பு என்பதை நமக்குப் பிறர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

இக்கட்டுரை, நம் நாட்டுச் சுண்ணாம்புக் குன்றுகளில் வாழும் மிகச்சிறு நத்தைகள் அறிவியலின் பதிவேட்டில் ஏறிய வரலாற்றைச் சுருக்கமாகக் கூற முற்படுகிறது. இவ்வரலாறு தமிழ்நாட்டு மலை ஒன்றில் தொடங்குகிறது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

கடலடியே மலையாயிற்று

முதலில் நம் கண்முன் நிற்கும் பத்துமலையை நோக்குவோம். தைப்பூசத் திருநாளில் 272 படிகளை ஏறுவோர் இலட்சக்கணக்கானோர். ஏறுவோரின் கண்கள் முருகப் பெருமானின் சன்னிதியை நாடுமேயன்றிப் பக்கத்துப் பாறையை நாடுவதில்லை. 'பத்து' என்பது எண்ணன்று. கல்லைக் குறிக்கும் மலாய்ச் சொல் என்பதை மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பத்துமலையின் பாறை சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அது கடலடியாக இருந்தது. கடலுயிர்களின் ஓடுகளும் பிற சுண்ணாம்புப் படிவுகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகிக் கல்லாயின. பின்னர் நிலம் உயர்ந்தது. மழைநீர் கல்லைக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைக் கிளிஞ்சல் சுட்டு எடுத்த நம் முன்னோர், ஓடும் சுண்ணாம்பும் ஒன்றே என்பதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

நத்தை தன் ஓட்டைக் கட்டுவதற்குச் சுண்ணாம்பு வேண்டும். ஆகவே, இத்தகைய குன்றுகள் நத்தைகளுக்கு உகந்த உறைவிடங்கள். ஆனால் ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் இடையிலுள்ள நிலம் அவ்வாறன்று. அங்குள்ள மண் அமிலத்தன்மை மிக்கது; சுண்ணாம்பு குறைந்தது. ஒரு மில்லிமீட்டர் உடலை உடைய நத்தை அந்நிலத்தைக் கடந்து அடுத்த குன்றுக்குச் செல்வது, நாம் கடலை நீந்திக் கடப்பதை ஒத்தது. எனவே ஒவ்வொரு குன்றும் ஒரு தீவாகிறது. தீவில் தனித்து வாழும் உயிர்கள் பல்லாயிரம் தலைமுறைகளில் வேறுபட்டுத் தனி இனங்களாகின்றன. தீபகற்ப மலேசியாவில் இத்தகைய குன்றுகள் நானூறுக்கும் மேல் உள்ளன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்துமலையும், வடக்கே தெம்ப்ளர் பூங்காவை ஒட்டிய புக்கிட் தாக்குனும் அவற்றுட் சில.

சிறியவை ஏன் இறுதியில் அறியப்படுகின்றன?

யானையையும் புலியையும் கண்டறிய எவரும் நுண்ணோக்கியைத் தேடவில்லை. சிற்றுயிர்களின் நிலை வேறு. கடலிலும் இதே நிலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அளவாய்வுக் கப்பல் வங்கக் கடலின் ஆழத்தில் வலையிட்டு எடுத்த நத்தை ஓடுகளை இலண்டன் அருங்காட்சியகத்தின் எட்கர் ஸ்மித் ஆராய்ந்து, புதிய இனங்கள் பலவற்றை விளக்கினார். அதன்பின் நூறாண்டுகள் கடந்தும் கடல் தன் கணக்கை முடிக்கவில்லை. நியூ கலிடோனியாத் தீவின் மேற்குக் கரையில், 295 சதுரக் கிலோமீட்டர் பரப்பை மட்டும் அறிஞர் குழுவொன்று துருவி ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டது. அச்சிறு பரப்பில் அவர்கள் கண்ட மெல்லுடலி இனங்கள் 2,738. அவற்றுள் பெரும்பகுதி மிகச் சிறியவை, அரியவை.

நிலத்து நத்தைகளுக்கும் இது பொருந்தும். குன்றின் அடிவாரத்து மண்ணையும் சருகையும் அள்ளி, வாளியில் நீர் ஊற்றிக் கலக்கினால், உள்ளே காற்றுத் தங்கிய வெற்று ஓடுகள் மேலே மிதக்கும். அவற்றை வலைத்தட்டில் வடித்து, உலர்த்தி, நுண்ணோக்கியின்கீழ் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். பொறுமையைத் தவிர இதற்குப் பெருஞ்செலவில்லை. கடலாழத்துக்குக் கப்பல் வேண்டும். இங்கே ஒரு வாளி போதும். அவ்வாறிருந்தும் இங்கும் பணி முடியவில்லை.

நீலகிரியில் தொடங்கிய பெயர்

வில்லியம் பிளான்ஃபோர்டு, ஹென்றி பிளான்ஃபோர்டு என்னும் உடன்பிறப்புகள் இருவர் 1855ஆம் ஆண்டில் இந்தியப் புவியியல் அளவாய்வுத் துறையில் பணியேற்றனர். இளையவரான ஹென்றி, நீலகிரி மலையின் பாறைகளையும் பின்னர் திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு மாவட்டங்களின் பாறைகளையும் ஆராய்ந்தவர். கல்லை ஆராயச் சென்ற இடத்தில் நத்தையையும் திரட்டினர் இச்சகோதரர்கள்.

நீலகிரியில் கிடைத்த மிகச்சிறு நத்தை ஒன்று அவர்களை வியப்பில் ஆழ்த்தியது. எல்லா நத்தைகளும் ஓட்டை ஒரே சீராகச் சுற்றிக்கொண்டே வந்து வாயில் முடிக்கும். இதுவோ இறுதிச் சுற்றை மட்டும் எதிர்த்திசையில் திருப்பி, வாயைப் பின்புறமாக வைத்திருந்தது. 1860ஆம் ஆண்டில் அவர்கள் அதற்கு 'ஒபிஸ்தோஸ்தோமா' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'ஒபிஸ்தோ' என்பது பின். 'ஸ்தோமா' என்பது வாய். தமிழில் 'பின்வாயன்' எனலாம். அதன் இனப்பெயரில் நீலகிரியின் பெயரையே சேர்த்தனர். பின்னாளில் மலாயாவிலும் போர்னியோவிலும் இத்தகைய நத்தைகள் ஏராளமாகக் கண்டறியப்பட்டபோது, அவையனைத்தும் நீலகிரி நத்தையின் குடும்பப் பெயரின்கீழ் வைக்கப்பட்டன. பேராக்கிலும் பகாங்கிலும் வாழும் சிற்றுயிர்கள் தமிழ்நாட்டு மலையில் பிறந்த பெயரைத் தாங்கின.

அரியலூரிலிருந்து பினாங்குக்கு

இரண்டாவதாகக் குறிப்பிட வேண்டியவர் ஃபெர்டினாண்டு ஸ்டோலிஸ்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாப் பகுதியில் 1838இல் பிறந்தவர். 1862இல் இந்தியப் புவியியல் அளவாய்வுத் துறைக்கு வந்தார். அரியலூர், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் கிடைத்த தொல்லுயிர்ப் படிவங்களை, குறிப்பாகக் கல்லாகிப்போன கடல் நத்தைகளையும் சிப்பிகளையும், பெருந்தொகுதிகளாக விளக்கி எழுதினார். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் அரியலூர் கடலுக்கடியில் இருந்தது என்பதற்கு அப்படிவங்களே சான்று.

அதே ஸ்டோலிஸ்கா பினாங்குத் தீவுக்கும் வந்தார். அங்குத் திரட்டிய நிலத்து நத்தைகளைப் பற்றி 1872, 1873ஆம் ஆண்டுகளில் கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் எழுதினார். பழைய மலாயாவின் நத்தைகளைப் பற்றிய தொடக்கக்கால ஆய்வுகளுள் அவை குறிப்பிடத்தக்கவை. 1874ஆம் ஆண்டு, யார்கண்டுப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயர்மலைப் பகுதியில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 36. அரியலூரின் இறந்த நத்தைகளையும் பினாங்கின் வாழும் நத்தைகளையும் ஒரே கை பதிவு செய்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

பத்துமலையும் பிரிக்பீல்ட்ஸ் அருகே ஓர் அருங்காட்சியகமும்

இனி நம் ஊருக்கு வருவோம். பத்துமலைக் குகைகளை நெடுங்காலமாகப் பூர்வகுடியினர் அறிந்திருந்தனர். 1878இல் அமெரிக்க இயற்கையாளர் வில்லியம் ஹார்னடே அவற்றைக் கண்டு எழுதிய பின்னர் வெளியுலகம் அறிந்தது. க. தம்புசாமி பிள்ளை அவர்களின் முயற்சியால் அங்கு முருகன் வழிபாடு நிலைபெற்றதும், 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்படுவதும் நாம் அறிந்தவையே.

வழிபாட்டுக்குரிய குகைக்குப் பக்கத்திலுள்ள இருட்டுக் குகையில் அறிவியலாரும் நுழைந்தனர். தொன்மையான சிலந்தி ஒன்றை எச்.சி. ஆபிரகாம் 1923இல் விளக்கி, 'லிஃபிஸ்தியஸ் பத்துவென்சிஸ்' என்று பத்துமலையின் பெயரையே அதற்குச் சூட்டினார். கல்கத்தாவில் பிறந்த செட்ரிக் டோவர் 1929இல் 'பத்துமலையின் விலங்குகள்' என்னும் பொருளில் ஆய்வுத் தொடரொன்றைத் தொடங்கி வைத்தார்.

இத்தகைய சேகரங்கள் வைக்கப்பட்ட இடங்களுள் ஒன்று சிலாங்கூர் அருங்காட்சியகம். பிரிக்பீல்ட்சை அடுத்து, இன்று தேசிய அருங்காட்சியகம் நிற்கும் இடத்தில் அது இருந்தது. 1945 மார்ச் 10ஆம் நாள் நேச நாடுகளின் பி-29 குண்டுவீச்சு வானூர்திகள் கோலாலம்பூர் இரயில்வே வளாகத்தைத் தாக்க வந்தபோது, குண்டு அருங்காட்சியகத்தின் மீதும் விழுந்தது. கட்டடத்தின் வலப்புறப் பகுதி அழிந்தது. எஞ்சியவற்றைத் தைப்பிங் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சென்றனர். 1963 ஆகஸ்டு 31ஆம் நாள் அதே இடத்தில் தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அங்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இச்செய்தியையும் கூறலாம்.

சிங்கப்பூரின் இராஃபிள்ஸ் அருங்காட்சியகம் அவ்வாறு அழியவில்லை. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜப்பானிய அறிஞர் சிலரும் ஆங்கிலேய அறிஞர் சிலரும் பகைமை பாராது அதனைக் காத்தனர். நம் நத்தையின் வரலாறு அங்கிருந்தே தொடர்கிறது.

1952: நிழல்விரும்பியின் பிறப்புப் பத்திரம்

இராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மைக்கேல் ட்வீடி, மலாயாவின் சுண்ணாம்புக் குன்றுகளை நேரில் சென்று ஆராய்ந்தவர். அவர் முதலானோர் திரட்டிய சிறு நத்தைகளை, ஆம்ஸ்டர்டாம் விலங்கியல் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டச்சு அறிஞர் வான் பெந்தெம் யூட்டிங் அம்மையார் ஆராய்ந்தார். மலாயாவின் பின்வாயன் நத்தைகளைப் பற்றிய அவருடைய விரிவான கட்டுரை 1952இல் இராஃபிள்ஸ் அருங்காட்சியக இதழில் வெளிவந்தது. பஞ்சிங் குன்றின் நத்தைக்கு அதில்தான் பெயர் கிட்டியது. 'சயாஃபிலம்' என்பது அதன் இனப்பெயர். 'நிழலை விரும்புவது' என்பது பொருள். பின்னாளில் இதன் பேரினம் 'பிளெக்டோஸ்தோமா' எனப் பிரிக்கப்பட்டது.

ஓர் இனத்தை 'விளக்குதல்' என்றால் என்ன என்பதை இங்குச் சொல்லிவிட வேண்டும். கண்டெடுத்தால் மட்டும் போதாது. முன்னர் எழுதப்பட்ட அனைத்து விளக்கங்களோடும் ஒப்பிட்டு, இஃது எதனோடும் பொருந்தவில்லை என்று காட்ட வேண்டும். ஓட்டின் உயரம், அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை, வாயின் வடிவம், மேற்பரப்பின் வரிகள் ஆகிய அனைத்தையும் எழுத வேண்டும். ஒரே ஓர் ஓட்டை 'மூலச்சான்று' எனக் குறித்து, அருங்காட்சியகத்தில் எண்ணிட்டு வைக்க வேண்டும். இலின்னேயசு 1758இல் நிலைநாட்டிய முறைப்படி இருசொற்பெயர் சூட்டி, அச்சிட்டு வெளியிட வேண்டும். அதன்பின் எவருக்கு ஐயம் எழுந்தாலும் அந்த மூலச்சான்றைத் திறந்து பார்க்கலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சரிபார்க்க வழிவைத்திருப்பதே இம்முறையின் சிறப்பு.

குன்று போனது, பெயர் நின்றது

1961இல் ட்வீடியும், அதே பத்தாண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஏ.ஜே. பெரியும் இக்குன்றுகளின் நத்தைகளைப் பற்றித் தொடர்ந்து எழுதினர். அதே காலத்தில் நாடும் வளர்ந்தது. வீடும் பள்ளியும் பாலமும் கட்டச் சிமெண்டு வேண்டியிருந்தது. சுண்ணாம்புக்கல்லோடு களிமண் சேர்த்து ஏறத்தாழ 1,450 பாகை வெப்பத்தில் சுட்டால்தான் சிமெண்டுக்குரிய கட்டி கிடைக்கும். பஞ்சிங் குன்று உடைபடத் தொடங்கியது. 2000களின் தொடக்கத்தில் குன்று இருந்த இடம் வெறும் பள்ளமாயிற்று.

2008இல் மென்னோ ஸ்கில்த்ஹோய்சன், ரூபன் கிளமென்ட்ஸ் ஆகிய இருவரும் விண்கோள் படங்களைக் கொண்டு இதனை எடுத்துக்காட்டினர். நத்தையைத் தேடிச் செல்ல வேண்டிய தேவையே எழவில்லை. அது வாழ்ந்த ஒரே குன்று படத்தில் இல்லை. அவ்வளவுதான். நிழலை விரும்பிய உயிருக்கு நிழல் தர ஒரு பாறையும் எஞ்சவில்லை.

அக்குன்றுக்கு அண்மையிலேயே குவா சாராஸ் என்னும் குன்று இன்றும் நிற்கிறது. அதன் குகையில் பௌத்தக் கோயில் உள்ளது. அக்குன்றின் பெயரைத் தாங்கிய நத்தையினமும் ஒன்றுண்டு, 1948இல் பெயரிடப்பட்டது. ஒரே வட்டாரத்தில் இரு குன்றுகள். இரு வேறு முடிவுகள்.

புதிய பெயர்கள், பழைய அச்சம்

இதற்கிடையில் புதிய இனங்களும் கண்டறியப்பட்டன. ஈப்போவை அடுத்த குனோங் ராப்பாட் குன்றில் கிடைத்த ஒபிஸ்தோஸ்தோமா வெர்மிகுலம் 2008இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் அளவு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். 'வெர்மிகுலம்' என்றால் சிறு புழு. பொதுவாக நத்தை ஓடு ஒரே அச்சைச் சுற்றி வளரும். இதுவோ நான்கு அச்சுகளில் சுற்றியது. சுற்றுகள் மூன்று முறை பிரிந்து, இரண்டு முறை மீண்டும் முந்தைய சுற்றோடு ஒட்டிக்கொண்டன. இஃது ஏதோ ஓர் ஓட்டின் ஊனமன்று. ஓடு தோறும் ஏறத்தாழ அவ்வாறே அமைந்திருந்தது. 2009இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிறுவனம் வெளியிட்ட, முந்தைய ஆண்டின் தலைசிறந்த பத்துப் புதிய இனங்களின் பட்டியலில் இந்த ஈப்போ நத்தையும் இடம்பெற்றது.

2014இல் லியூ தோர் செங் முதலானோர் பிளெக்டோஸ்தோமாப் பேரினத்தை முழுமையாக மீளாய்வு செய்து, தீபகற்பத்தையும் சுமத்ராவையும் இந்தோசீனத்தையும் சேர்ந்த 31 இனங்களை விளக்கினர். அவற்றுள் பத்து புதியவை. அப்புதியவற்றுள் ஒன்று பகாங்கின் புக்கிட் தெங்கெக் குன்றுக்குரியது. பெயரிடப்பட்ட அந்நாளிலேயே அக்குன்று பெரும்பாலும் உடைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. பிறப்புப் பத்திரமும் இறப்புப் பத்திரமும் ஏறக்குறைய ஒரே வேளையில் எழுதப்படும் நிலை அந்நத்தைக்கு நேர்ந்தது.

அதே ஆண்டில் பேராக்கின் குனோங் காந்தான் குன்றில் கண்டறியப்பட்ட வேறொரு நத்தைக்கு 'சாரோப்பா லாஃபார்கெய்' என்று பெயரிட்டனர். அக்குன்றில் சுண்ணாம்புக்கல் எடுத்துவந்த சிமெண்டு நிறுவனத்தின் பெயர் அது. நத்தையின் எதிர்காலம் எவர் கையில் இருந்ததோ அவர் பெயரையே அதற்கு இட்டனர். இது பழிச்சொல்லன்று, பொறுப்பை நினைவூட்டும் செயல். 2019இல் அந்நிறுவனத்தின் மலேசியப் பிரிவு கைமாறி, வேறு பெயர் பெற்றது. நத்தையின் பெயரோ விதிப்படி மாறாது.

குற்றம் யாருடையது?

சிமெண்டு நிறுவனங்களை மட்டும் குறைகூறி இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. நாம் வாழும் அடுக்குமாடி வீடுகளிலும், பிள்ளைகள் பயிலும் பள்ளிக் கட்டடங்களிலும், நம் கோயில் கோபுரங்களிலும் ஏதோ ஒரு குன்றின் கல் கலந்திருக்கிறது. கல் எடுக்கவே கூடாது என்று சொல்வோர் எவருமிலர். எந்தக் குன்றில் எடுக்கலாம், எந்தக் குன்றை விட்டுவைக்க வேண்டும் என்பதை உடைப்பதற்கு முன்னர் ஆராய்ந்து முடிவு செய்க என்பதே அறிஞர்களின் வேண்டுகோள். ஒரு குன்றில் மட்டும் வாழும் உயிர் எது என்று தெரியாமல் அம்முடிவை எடுக்க இயலாது. ஆகவேதான் பெயரிடும் பணி வெறும் ஏட்டுப்பணியன்று.

பத்துமலையைச் சுற்றியும் ஒரு காலத்தில் கல்லுடைப்பு நடந்தது. 1980களில் அது நின்றது. இயற்கை ஆர்வலர்களின் தொடர்ந்த குரலும் பத்துமலையின் வழிபாட்டுச் சிறப்பும் அக்குன்றுக்குத் துணையாயின. ஆயினும் கோயில் இருக்கும் குன்று என்பதால் அனைத்தும் காக்கப்பட்டுவிட்டன என்று மனநிறைவு கொள்ளவும் கூடாது. பாறையின் மேல் ஊற்றும் சிமெண்டும், இரவெல்லாம் எரியும் விளக்கும், வீசியெறியும் குப்பையும் சிற்றுயிர்களுக்குத் தீங்கானவை. படியோரம் நாம் எறியும் ஒரு நெகிழிப்பை அவற்றுக்கு ஒரு வீட்டையே மூடிவிடும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இதனைப் பாடமாக்குவது எவ்வாறு என்று ஆசிரியர் சிலர் எண்ணக்கூடும். எளிய வழி ஒன்றுண்டு. கிள்ளான் வட்டாரப் பெற்றோர் விடுமுறையில் பிள்ளைகளை மோரிப் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதுண்டு. அங்குக் கிடைக்கும் உயிரற்ற வெற்று ஓடு ஒன்றை மட்டும் கொண்டுவரச் செய்யுங்கள். பிறகு அதனை ஒரு பக்க அளவில் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். 'அழகாக உள்ளது' என்று எழுதக்கூடாது என்பதே ஒரே விதி. நீளம் எத்தனை மில்லிமீட்டர்? சுற்றுகள் எத்தனை? வாய் வட்டமா, நீள்வட்டமா? வரிகள் நெடுக்கிலா, குறுக்கிலா? நிறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எழுதிய தாளை மற்றொரு மாணவனிடம் கொடுத்து, மேசையில் பரப்பிய இருபது ஓடுகளில் அதற்குரிய ஓட்டை அடையாளம் காணச் சொல்லுங்கள். கண்டுபிடித்தால் விளக்கம் செம்மையானது. காணாவிடில் திருத்தி எழுதட்டும். இதைவிடச் சிறந்த கட்டுரைப் பயிற்சியும் அறிவியற் பயிற்சியும் ஒருங்கே அமைவது அரிது.

ஓட்டின் சுழற்சியைச் சொல்லத் தமிழில் வலம்புரி, இடம்புரி என்னும் சொற்கள் தொன்றுதொட்டு உள்ளன. இங்கே ஒரு குறிப்பு. விலங்கியலார், சுருள் தொடங்கும் நுனி மேலே இருக்குமாறும் வாய் தம்மை நோக்குமாறும் ஓட்டைப் பிடிப்பர். வாய் வலப்புறம் அமைந்தால் வலச்சுழி. இடப்புறம் அமைந்தால் இடச்சுழி. நம் மரபிலோ சங்கைத் தலைகீழாகப் பிடித்துக் கணக்கிடுவர். ஆகவே, பூசையறையில் வைத்துப் போற்றும் அரிய வலம்புரிச் சங்கு, விலங்கியல் நூலில் இடச்சுழி எனப்படும். இரண்டும் தவறல்ல, பிடிக்கும் முறையே வேறு. எவ்வாறு பிடித்தோம் என்பதையும் எழுதினால்தான் விளக்கம் நிறைவுறும் என்பதை மாணவர்கள் இதன்வழி உணர்வர்.

சோழி, சங்கு, சிப்பி, ஊரி, கிளிஞ்சல், நத்தை எனத் தமிழில் ஓட்டுயிர்களுக்குப் பெயர்கள் பல உண்டு. கடற்கரை மக்களின் வாயில் வாழ்ந்த இச்சொற்களை நகரத்துப் பிள்ளைகள் இன்று அறிவதில்லை. எல்லாவற்றையும் 'சிப்பூட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகின்றனர். ஒன்றைப் பிறிதொன்றிலிருந்து பிரித்தறியாதவனுக்கு, அவற்றுள் ஒன்று இல்லாமற்போனது தெரியவே தெரியாது. சொல்வளத்தை வளர்ப்பதும் உயிர்வளத்தைக் காப்பதும் ஓரளவு ஒரே பணிதான் என்பது என் எண்ணம்.

பஞ்சிங் குன்றின் நிழல்விரும்பி இனித் திரும்பி வராது. அதன் ஓடுகள் சில அருங்காட்சியகப் பேழைகளில் உள்ளன; அதன் விளக்கம் அச்சில் உள்ளது. அம்மையார் ஒருவர் 1952இல் பொறுமையோடு அதனை எழுதி வைத்திராவிடில் அதுவும் இருந்திராது. அடுத்த முறை பத்துமலை ஏறும்போது, இளைப்பாற நிற்கும் படியில் பிள்ளைகளை ஒரு கணம் பாறையை உற்றுநோக்கச் சொல்லுங்கள். அங்கே ஊர்வதைத் தொட வேண்டாம்; பார்த்து, வீட்டுக்கு வந்து எழுதட்டும். இன்று எழுதப் பழகும் நம் பிள்ளைகளுள் ஒருவர், நாளை இன்னும் பெயர் பெறாத உயிர் ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றக்கூடும்.